குழாயில் மிச்சமிருந்த வெடிமருந்து

ஹெல்மர், மான்டானா
7 ஆகஸ்ட் 1994, ஞாயிறு

ஓரின்,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். நல்ல காகிதத்தைக் கசக்கிப் போட மனம் வராமல் அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதனால் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

போன் செய்யாதே என்று சொன்ன பிறகும் போன வாரம் இரண்டு தடவை செய்தாய். உன் குரல் கேட்டதும் வைத்தேன். இனியும் வைப்பேன். கடிதத்தில் நீ கத்த முடியாது, நான் பேசும்போது குறுக்கே விழவும் முடியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிற வசதி எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை விடுவதாக இல்லை.

விஷயம் இதுதான். கீழறையைத் திறந்துவிட்டேன். ஆமாம், தட்டாமல் யாரும் நுழையக் கூடாத உன் கீழறையைத்தான். ஏப்ரலில் சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்லத் தட்டாமல் உள்ளே வந்தேனே, அன்றைக்கு "இந்த வீட்ல ஒரு மனுசன் நிம்மதியா உக்கார்ந்து நாலு தோட்டா அடைக்க முடியல" என்று பாதி வேலையில் எழுந்து, நாயையும் கைத்துப்பாக்கிப் பெட்டியையும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாயே, அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது மேசை. நாலு மாதத் தூசி மட்டும் கூடுதல். அதைத் துடைத்துவிட்டேன்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா அடைக்கப் பழகப் போகிறேன். சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி. கிர்ஸ்டன் இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். பெற்ற பெண் கூப்பிட்டு, "எனக்கு நீயே அடைச்சுக் குடும்மா" என்று கேட்கும்போது, முடியாது, உன் அப்பாவுக்குக் கோபம் வரும் என்றா சொல்வேன்? உன் கோபத்துக்குப் பயந்த காலம் முடிந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பித்தளைக் கூட்டின் அடியை, தோட்டா அழுத்துகிற பிரஸ்ஸில் பிடித்துக்கொள்கிற சின்ன இரும்பு வில்லை, அவள் ரைஃபிள் அளவுக்கானது, இழுப்பறையில் இல்லை. மற்ற அளவெல்லாம் இருக்கிறது. நீதான் எடுத்துப் போயிருக்க வேண்டும். தபாலில் போட்டுவிடு.

ஆர்லிஸ்


கல்பர்ட்சன்
15 ஆகஸ்ட் 1994

ஆர்லிஸ்,

என் பிரஸ்ஸைத் தொடாதே. என் தராசைத் தொடாதே. என் மேசையைத் துடைக்கிற வேலையும் உனக்கு வேண்டாம். எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீ துடைத்த பிறகு கடவுளுக்கும் தெரியாது.

இங்கே தானியக் கிடங்கில் அறுவடை நேரம். காலை ஐந்துக்கு முதல் லாரி வந்து நிற்கிறது, இருட்டும்வரை கோதுமைத் தூசியைத் தின்றுகொண்டு நிற்கிறேன். ஒண்டிக்கட்டை வாழ்க்கை, டப்பா உணவு. இதற்கு நடுவில் என் பெண்டாட்டி என் கீழறையில் பட்டறை போடுகிறாள் என்று கடிதம். நல்லா இருக்கு.

அது உன் சோதனைக் கூடத்தில் கோதுமை விதையை எண்ணுகிற வேலை இல்லை. அதில் தப்பு வந்தால் ஒரு விவசாயி முணுமுணுப்பான். இதில் தப்பு வந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும், முகத்தில் பாதி போகும். நான் முப்பத்தொரு வருஷமாக அடைக்கிறேன். துப்பாக்கிக் கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பு எடுக்கிறவன் நான். ஹெல்மரில் யாரை வேண்டுமானாலும் கேள், ஓரின் ஸ்டெனெருட் ஒரு நாளாவது அஜாக்கிரதையாக இருந்தானா என்று. நீ அடுப்பில் முட்டை வைத்துவிட்டு அதை மறந்து தோட்டத்துக்குப் போகிறவள்.

வில்லை என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

அக்டோபரில் வேட்டைக்காலம் தொடங்குகிற முதல் நாளுக்கு வழக்கம்போல வருவேன். கிர்ஸ்டனுக்கு வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நாம் உட்கார்ந்து பேசவும் வேண்டும். எத்தனை நாள் இப்படியே இருப்பது? நாயும் உன்னைத் தேடுகிறது.

ஓரின்


ஹெல்மர்
4 செப்டம்பர் 1994, ஞாயிறு

ஓரின்,

வில்லையை நீயே வைத்துக்கொள். கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொள். ஹாவரில் துப்பாக்கிக் கடையில் புதிதாகவே வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் என்னைவிடச் சின்னவள், அவளும் அடைக்கிறாளாம். ஒரு மணி நேரம் நின்று பேசினோம். இருபத்தாறு வருஷம் நீ எனக்குச் சொல்லாததை அவள் ஒரு மணி நேரத்தில் சொன்னாள்.

முட்டைக் கதையை இன்னும் விடவில்லை, பார். அது 1979. அன்றைக்குக் கிர்ஸ்டன் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள், அதனால்தான் தோட்டத்துக்கு ஓடினேன். நீ அன்றைக்கு எங்கே இருந்தாய்? கீழறையில். கதவு சாத்தியிருந்தது.

கோபத்தில்தான் ஆரம்பித்தேன், அதை மறைக்கவில்லை. முதல் வாரம் புத்தகம் மட்டும் படித்தேன். இரண்டாம் வாரம் பழைய கூடுகளைத் தேய்த்துக் கழுவி, விரிசல் இருந்ததைத் தள்ளி, நல்லதைத் தனியாக வைத்தேன். மூன்றாம் வாரம் பிரஸ். முதல் கூட்டுக்கே எண்ணெய் தடவ மறந்து, கூட்டை அளவுக்குக் கொண்டுவருகிற அச்சுக்குள் அது போய் இறுகி, நான் கைப்பிடியில் தொங்கியும் வரவில்லை. அச்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஹாவருக்குப் போனேன். அந்தப் பெண் சிரித்தாள். "எல்லாருக்கும் ஒரு தடவை மாட்டும்கா, உங்களுக்குச் சீக்கிரமா மாட்டிருச்சு" என்றாள். உனக்கும் ஒரு காலத்தில் மாட்டியிருக்கும். நீ சொன்னதில்லை.

வெடிமருந்து எடை போடுவதுதான் எனக்குச் சுலபமாக வந்தது. பத்தொன்பது வருஷமாக விதைச் சோதனைக் கூடத்தில் தராசு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கோதுமை மணி கூடினால் முள் எப்படி நகரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒவ்வொரு கூட்டையும் தனித்தனியாக எடை பார்த்து நிரப்பினேன். குண்டு அழுத்தும் முன் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். அவசரமில்லை, யாரும் கத்தவில்லை, ரேடியோவில் வேலைநிறுத்தத்தால் பேஸ்பால் பந்தயம் நின்றுபோன கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. இதையா இத்தனை வருஷம் பூட்டி வைத்தாய் என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஐம்பது தோட்டா தயார். 24-ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளப்பில் கிர்ஸ்டன் சுட்டுப் பார்க்கப் போகிறாள்.

இன்னொன்று. முதல் நாள் நான் கீழே போனபோது மேசையில் உன் மருந்துக் குழாய் நின்றது. கைப்பிடியை இழுத்தால் ஒரு கூட்டுக்கு வேண்டிய மருந்தை அளந்து கொட்டுமே, அதுதான். அதில் பாதிக்கு மருந்து இருந்தது. குழாயின்மேல் பெயர்ச்சீட்டு இல்லை. பக்கத்தில் ரைஃபிள் மருந்து டப்பா ஒன்று. சுவரில் உன் கையெழுத்தில் அட்டை: "மேசையில் ஒரே ஒரு டப்பா. எழுந்தால் குழாயைக் காலி செய். பெயர் தெரியாத மருந்து யாருக்கும் நண்பன் இல்லை." இதைத்தானே வருஷா வருஷம் வகுப்பில் படிக்கிறாய்?

அதைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்.

ஆர்லிஸ்


கல்பர்ட்சன்
10 செப்டம்பர் 1994

ஆர்லிஸ்,

இதைப் படித்த உடனே கீழே போ. நீ அடைத்த ஐம்பதையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின்மேல் "சுடாதே" என்று எழுது. ஒன்றைக்கூடச் சுடாதே. கிர்ஸ்டனிடம் கொடுக்காதே. நான் வந்து அத்தனையையும் பிரித்துவிடுகிறேன்.

காரணம் வேண்டுமா? நீ கற்றுக்குட்டி, அதுதான் காரணம். மூன்று வாரம் புத்தகம் படித்துவிட்டு ஐம்பது தோட்டா அடைக்கிறவளை இந்த மாநிலத்திலேயே நான் பார்த்ததில்லை. ஐந்து அடை, சுட்டுப் பார், பிறகு ஐந்து அடை. அதுதான் முறை. கடைக்காரப் பெண் சொல்லவில்லையா? ஒரு மணி நேரம் என்ன பேசினீர்கள், துணி தைப்பதைப் பற்றியா?

எந்த மருந்து போட்டாய்? டப்பாவிலிருந்து எடுத்ததா, குழாயிலிருந்ததா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு கதை எதுவும் எழுத வேண்டாம். மறு தபாலில் எழுது.

ஓரின்


ஹெல்மர்
15 செப்டம்பர் 1994

ஓரின்,

ஏன் கேட்கிறாய்?

குழாயில் என்ன மருந்து இருந்தது என்று நீ சொல். எதிலிருந்து எடுத்தேன் என்று நான் சொல்கிறேன்.

"நீ கற்றுக்குட்டி" என்பது காரணம் இல்லை, வசவு. அந்த வசவை நான் இருபத்தாறு வருஷமாக விதவிதமாகக் கேட்டாகிவிட்டது. கார் ஓட்டியபோது, வரவு செலவு எழுதியபோது, பெண்ணுக்குப் பெயர் வைத்தபோது. இந்த முறை எனக்குக் காரணம் வேண்டும். ஒரு வரி போதும். அதை எழுத உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆர்லிஸ்


கல்பர்ட்சன்
21 செப்டம்பர் 1994, புதன்

ஆர்லிஸ்,

நான் சொல்கிறேன், அது போதும். வீட்டுக்கு ஒருவன் பொறுப்பு என்று இருக்கும்போது எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தீப்பிடித்த வீட்டில் வெளியே வா என்று கூப்பிட்டால், எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பாயா?

அதோடு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் அடைத்த தோட்டாவை இன்னொருவன் சுடுவதில்லை. என் சொந்த அண்ணன் அடைத்ததை நான் சுட்டதில்லை, நான் அடைத்ததை அவனுக்குக் கொடுத்ததும் இல்லை. கிளப்பில் எந்த ஆளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கிர்ஸ்டனுக்கும் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நீ மறக்கடித்துவிட்டாய்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். "உங்கம்மா அடைச்சதைச் சுடாதே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்படின்னா சனிக்கிழமை எல்லார் முன்னாடியும்தான் சுடப் போறேன்" என்றாள். வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. உன் வாய் அவளுக்கு வந்திருக்கிறது. அவளைத் தடுக்க வேண்டியது நீ. தடுக்காமல் ஏதாவது ஆனால் அது உன் தலையில்தான் விடியும், என் தலையில் இல்லை.

நான் கெஞ்சுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். சனிக்கிழமை சுட விடாதே.

ஓரின்


கல்பர்ட்சன்
25 செப்டம்பர் 1994, ஞாயிறு

ஆர்லிஸ்,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

குழாயில் இருந்தது கைத்துப்பாக்கி மருந்து. ஏப்ரலில் நீ உள்ளே வந்தபோது நான் கைத்துப்பாக்கிக்குத்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். அதன் டப்பாவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குழாயைக் காலி செய்யவில்லை. நீ பார்த்த ரைஃபிள் டப்பா அதற்கு முந்தின வாரம் எடுத்து வைத்தது, உள்ளே வைக்காமல் விட்டுவிட்டேன். மேசையில் இரண்டு டப்பா. குழாயில் பெயர்ச்சீட்டு இல்லை. மூன்று தப்பு. வகுப்பில் ஒரு பையன் இதில் ஒன்றைச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவேன்.

அது வேகமாக எரிகிற மருந்து. ரைஃபிள் கூட்டில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு இப்போது புத்தகம் படித்துத் தெரிந்திருக்கும். உன் நாலாம் தேதிக் கடிதத்தைப் படித்தபோது கிடங்கின் படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன், "என்ன ஸ்டெனெருட், வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். "நான் குழாயைக் காலி செய்யவில்லை" என்று எழுத வேண்டியதுதான். கை வரவில்லை. நீ அதைக் கிளப் தலைவன் டெல்பர்ட்டிடம் காட்டுவாய், அவன் கிளப்பில் சொல்வான், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வகுப்பில் நிற்பது என்று தோன்றியது. சுடாதே என்று சொன்னாலே போதும், காரணம் சொல்லாமலே நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். எப்போதும் நிறுத்திவிடுவாயே.

நேற்று சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன். நேராக ஹெல்மருக்கு வந்து கிளப்பில் வைத்தே சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வழியில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனது. மால்ட்டாவுக்கு வந்தபோது மணி பத்து. அங்கே சாலையோரக் கடையில் நிறுத்தி, இரண்டு முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும் வாங்கி, எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். டெல்பர்ட்டின் முகம்தான் கண்ணில் நின்றது. கடையில் போன் இருந்தது. கிளப்பின் நம்பர் எனக்கு மனப்பாடம். பன்னிரண்டு மணிக்கு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இன்று காலை கிர்ஸ்டனின் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்து "ஹலோ" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. வைத்துவிட்டேன்.

இனிச் சுட வேண்டாம். மிச்சம் இருப்பதைப் பிரித்துவிடு. நான் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுதிப் பழக்கமில்லை எனக்கு. முதல் நாள் வேட்டைக்கு வருகிறேன், நேரில் வைத்து என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஓரின்


ஹெல்மர்
1 அக்டோபர் 1994, சனி

ஓரின்,

திட்டுவதற்கு முதல் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேயே திட்டுகிறேன்.

முதலில் உனக்கு வேண்டிய பதில். ஆகஸ்ட் மாதமே, அட்டையைப் படித்த அந்த நிமிஷமே, குழாயிலிருந்த மருந்தை ஒரு காகிதத்தில் கொட்டி, பின்வாசல் புல்லில் தூவிவிட்டேன். குழாயின் பிளாஸ்டிக் நாலு மாதம் மருந்து ஊறி டீ நிறத்துக்கு மாறியிருந்தது. கழுவியும் போகவில்லை. அதனால் அந்தக் குழாயையே தூக்கிப் போட்டேன். திறந்து பல மாதம் ஆன ரைஃபிள் டப்பாவையும் நம்பாமல் புதிது வாங்கினேன். பெயர் தெரியாததைத் தொடாதே என்பது புத்தகத்தின் இரண்டாம் பக்கம். நான் கற்றுக்குட்டி, எனக்கு இரண்டாம் பக்கம் நன்றாக ஞாபகமிருந்தது.

அதை நாலாம் தேதிக் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீயாகச் சொல்வாயா என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. பதினைந்தாம் தேதி நீ பதறுகிறாய் என்று தெரிந்த பிறகும் எழுதவில்லை, கொஞ்சம் வேகட்டும் என்று விட்டேன். அது என் கெட்ட புத்தி, தப்புத்தான். பார், ஒரு வரியில் ஒத்துக்கொண்டேன், வாய் ஒன்றும் வெந்துவிடவில்லை.

ஆனால் நான் கொட்டிவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உன் கணக்கில் அந்த ஐம்பது தோட்டாவும் கையில் வெடிக்கப் போகிறவை. அது தெரிந்துகொண்டு பதினைந்து நாள் நீ என்ன செய்தாய்? என்னைக் கற்றுக்குட்டி என்றாய். வீட்டுக்கு ஒருவன் பொறுப்பு என்றாய். ஏதாவது ஆனால் என் தலையில் விடியும் என்று முன்கூட்டியே எழுதிக்கூட வைத்தாய். கிர்ஸ்டனை அழைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டாள். அதற்குப் பதில் "உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாய். அவள் சுட்டதே அதனால்தான்.

என்ன நடந்தது என்று கேள். அந்தச் சனிக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை சாயந்திரம் கிர்ஸ்டனின் ரைஃபிளை வாங்கிக்கொண்டு நான் மட்டும் கிளப்புக்குப் போய், முதல் ஐந்தை நானே என் தோளில் வைத்துச் சுட்டேன். அடைத்தது நான், அதனால் முதலில் என் முகம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கூடுகளை எடுத்துப் பார்த்தேன், அழுத்தம் அதிகமானால் ஆகிற மாதிரி அடி தட்டையாகவில்லை, விரிசல் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். டெல்பர்ட், கிளப்பின் தலைவன் என்ற மிதப்போடு, யார் அடைத்தது என்று கேட்டான். எங்கம்மா என்றாள் கிர்ஸ்டன். "உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?" என்றான். "அவரே கூப்பிட்டார். சுடாதேன்னார். ஏன்னு அம்மா கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள். டெல்பர்ட் மற்றவர்களைப் பத்தடி பின்னால் போகச் சொன்னான். ஒருவர் அடைத்ததை மற்றவர் சுடுவதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள். நான் பின்னால் போகவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஐந்தும் ஒரு காப்பிக் கோப்பைக்குள் அடங்கிவிடும், அவ்வளவு நெருக்கமாகப் பதிந்தது. டெல்பர்ட் இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்து, அடுத்த வருஷம் புதியவர்களுக்கான வகுப்பை நான் எடுப்பேனா என்று கேட்டான். ஓரின் எடுக்கிறாரே என்றேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அன்றைக்குக்கூட உன் பெயரை நான் அங்கே விட்டுக்கொடுக்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் கடிதம் அப்போது இன்னும் எழுதப்படவே இல்லை. குழாயைப் பார்த்த நாளிலிருந்து டெல்பர்ட்டிடமோ வேறு யாரிடமோ நான் மூச்சு விடவில்லை. நீ பயந்தாயே, அவனிடம் காட்டுவேன் என்று. என்னோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்துவிட்டு, அதைத்தான் நான் செய்வேன் என்று நினைத்திருக்கிறாய்.

தப்பு செய்ததற்காக நான் கோபப்படவில்லை, ஓரின். கோபத்தில் எழுந்து போனவன் குழாயை மறப்பது சகஜம். அன்றைக்கு நானும் கத்தினேன், அதில் என் பங்கும் உண்டு. மறுநாளே நீ திரும்பி வந்து "மறந்துட்டேன், கொட்டிடு" என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுக் காப்பி போட்டிருப்பேன். செப்டம்பரில் சொல்லியிருந்தால்கூடப் போட்டிருப்பேன். இந்தக் குளிர்காலத்துக்குள் நீ வந்துவிடுவாய் என்று உன் பக்கத்துப் படுக்கையை மடித்து வைக்காமல்தான் இருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஞாயிறு காலை போனை எடுத்து ஹலோ சொன்னபோது பேசாமல் வைத்தது யார் என்று கிர்ஸ்டன் அன்றே கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் நாய் குரைத்ததாம். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் நீ பேனாவை எடுத்திருக்கிறாய். உண்மையைச் சொல்ல இனி யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆன பிறகு.

கடிதத்தை அவளுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று சாப்பாட்டுக்கு வந்தாள். கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் இனி யாரிடமும் எதையும் ஒளிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மேசையில் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு, "மால்ட்டாவுக்கு எத்தனை மணிக்கு வந்தாராம்?" என்று கேட்டாள். பத்து மணி என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

"பத்தேகாலுக்கு நான் மொதல் தோட்டா போட்டேன்" என்றாள்.

அவளே மறுபடியும் கேட்டாள்.

"அப்ப அவர் முட்டை சாப்பிட்டுக்கிட்டிருந்தாராம்மா?"

ஆமாம் என்றேன்.

வேட்டைக்கு நாங்கள் இருவர் போகிறோம். நீ வர வேண்டாம். நான் கோபமாக இருக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை. கோபம் எனக்குப் போய்விடும், எப்போதும் போயிருக்கிறது. வர வேண்டாம் என்று சொன்னது கிர்ஸ்டன்.

ஆர்லிஸ்